மாடு ஏன் சுவரில் உரசுகிறது?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் கால்நடைப் பராமரிப்புக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



தவணை நிலுவைப் பட்டியலை வாசித்து முடித்த கையோடு எங்களைப் பேசச் சொன்னது பொருத்தம்தான். அந்தப் பட்டியலில் மாட்டுக் கடன் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஏன் தவணை தள்ளிப்போச்சு என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே பதில்: "பால் குறைஞ்சு போச்சுக்கா." சரி, ஏன் குறைந்தது? தீவனம் குறையவில்லை. தவிடும் பிண்ணாக்கும் கடன் சொல்லியாவது வாங்கிப் போடுகிறீர்கள். காய்ச்சல் இல்லை, மடி வீக்கம் இல்லை. அதனால்தான் நாங்கள் ஐந்து பேரும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். பகலில் போனபோது ஒன்றும் விளங்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் போனபோதுதான் விளங்கியது. மாடு நின்றுகொண்டே இருக்கிறது. காலை உதறுகிறது, வாலை வீசுகிறது, தலையைத் திருப்பித் திருப்பி விலாவில் இடிக்கிறது, தூணில் கழுத்தைத் தேய்க்கிறது. படுக்கவே இல்லை.

கறவை மாடு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுக்க வேண்டும். படுத்து அசை போட்டால்தான் தின்றது செரிக்கும், பால் ஊறும். ராத்திரி முழுக்க ஈயையும் கொசுவையும் விரட்டிக்கொண்டு நிற்கிற மாடு காலையில் எதைக் கொடுக்கும்? நம் வீட்டில் கைப்பிள்ளை ராத்திரி தூங்காவிட்டால் மறுநாள் நாம் வேலை செய்கிற லட்சணம் நமக்கே தெரியும். மாட்டுக்கும் அப்படித்தான். ஆகவே சகோதரிகளே, பூச்சிக்கடியும் அரிப்பும் சின்ன விஷயம் இல்லை. பால் சொசைட்டி நோட்டிலும் தவணை நோட்டிலும் வந்து நிற்கிற விஷயம்.

நம் பக்கத்தில் இந்தத் தொல்லை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காஞ்சிபுரம் ஏரிகளுக்குப் பெயர்போன மாவட்டம். தென்னேரி, உத்திரமேரூர் ஏரி என்று பெரிய ஏரிகளும், ஊருக்கு ஊர் குளமும் தாங்கலும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை நிரம்பினால் நமக்குச் சந்தோஷம். ஆனால் கரையோரச் சேறும், கொட்டகைப் பக்கத்துச் சகதியும், நனைந்த எருவும் பூச்சிகளுக்குப் பிரசவ வார்டு மாதிரி. மழை விட்ட இரண்டு மூன்று வாரத்தில் அவை கிளம்பிவிடும்.

எல்லாப் பூச்சியும் ஒன்றல்ல. மாடு எங்கே அரிக்கிறது, எந்த நேரத்தில் துடிக்கிறது என்று பார்த்தால் கடிக்கிறது யார் என்று நாமே கண்டுபிடிக்கலாம். இதற்கு டாக்டர் படிப்பு வேண்டாம், பத்து நிமிஷம் பக்கத்தில் நின்று பார்க்கிற பொறுமை போதும்.

மாடு முன்னங்காலையும் பின்னங்காலையும் மாற்றி மாற்றித் தரையில் உதைத்தால், அது கால்களில் உட்கார்ந்து கடிக்கிற ஈ. பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும். ஆனால் வாய் ஊசி போல நீட்டிக்கொண்டிருக்கும். நம் வீட்டு ஈ நக்கும், கடிக்காது. இது ரத்தம் குடிக்கும். ஆண் ஈ, பெண் ஈ இரண்டுமே குடிக்கும். மூத்திரம் ஊறிய வைக்கோலும் சாணமும் கலந்து கிடக்கிற இடத்தில்தான் இது முட்டை இடும். முதுகிலும் தோளிலும் கும்பலாக மொய்த்துக்கொண்டு, விரட்டினால் எழும்பி உடனே அதே இடத்தில் உட்கார்கிற பொடி ஈக்கள் வேறு சாதி. அவை அப்போதுதான் போட்ட பச்சைச் சாணத்தில் முட்டை இடும். பகல் வெயிலில் ஏரிக்கரையில் மேயும்போது திடீரென்று மாடு துள்ளி ஓடுகிறது, பார்த்தால் கடித்த இடத்தில் ரத்தம் சொட்டுகிறது என்றால் அது பெரிய மாட்டு ஈ. தண்ணீர் ஓரச் சேற்றில் வளர்வது.

காது மடல், கழுத்து மடிப்பு, மடி, வால் அடி, தொடை இடுக்கு இங்கெல்லாம் கை வைத்துத் தடவினால் மணி மணியாகத் தட்டுப்படுவது உண்ணி. இது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது என்னவென்றால், மாட்டில் நாம் பார்க்கும் உண்ணி பாதிக் கதைதான். ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் தொட்டி அடியிலும் ஒளிந்து, இரண்டாயிரம் மூவாயிரம் முட்டை இடும். ஒரு உண்ணிக்கு அவ்வளவு! மாட்டில் இருப்பதை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சுவரை விட்டுவிட்டால், பதினைந்து இருபது நாளில் மறுபடியும் ஏறிவிடும். "எத்தனை தடவை மருந்து அடிச்சாலும் வருதுக்கா" என்று நீங்கள் சொல்வதற்குக் காரணம் மருந்து இல்லை, சுவர்.

கடைசியாக ஒன்று இருக்கிறது, கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கொசுவைவிடப் பொடியாக, மிளகில் கால்வாசி அளவுகூட இருக்காது. பொழுது சாயும்போதும் விடியும்போதும் கூட்டமாக வரும். கொசுவலைக் கண்ணிலேயே நுழைந்துவிடும். இது கடித்தால் மாட்டுக்குச் சுருக்கென்று வலி, அப்புறம் தீராத அரிப்பு. ஆட்டுக்கு இதனால் உயிரே போகலாம். செம்மறி ஆடு வைத்திருப்பவர்கள் நீலநாக்கு நோய் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாய் புண்ணாகி, முகம் வீங்கி, காலை நொண்டி ஆடுகள் சாகுமே, அதை ஆட்டிலிருந்து ஆட்டுக்குக் கொண்டுபோவது இந்தப் பொடிப் பூச்சிதான். தமிழ்நாட்டில் அந்த நோய் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே வருவதற்குக் காரணமும் இதுதான்.

இதே பொடிப் பூச்சிக் கடிக்கு உலகம் முழுக்கத் தவிக்கிற இன்னொரு பிராணி குதிரை. மாமல்லபுரம் கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். (அய்யனார் கோயில் மண்குதிரைக்குத்தான் இந்தத் தொல்லை இல்லை.) பூச்சி கடிக்கும்போது அதன் எச்சில் உடம்புக்குள் போகிறது. சில குதிரைகளின் உடம்பு அந்த எச்சிலை ஏற்றுக்கொள்வதில்லை. அதைத்தான் அலர்ஜி, ஒவ்வாமை என்கிறார்கள். பிடரி மயிரும் வால் அடியும் கொட்டிப்போகிற வரைக்கும் மரத்தில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். ஐஸ்லாந்து என்று வடக்கே ஒரு குளிர்த் தீவு. அங்கே பிறந்து வளர்ந்த குதிரைகளை வேறு ஐரோப்பிய நாடுகளுக்கு விற்கிறார்கள். இந்தப் பூச்சிக் கடியே தெரியாமல் வளர்ந்தவை, புது ஊருக்குப் போன ஒன்றிரண்டு வருஷத்தில் அரிப்பில் விழுந்துவிடும். அதே குதிரைக்கு அந்தப் புது ஊரிலேயே பிறந்த குட்டிக்கு அவ்வளவு வருவதில்லை. சின்ன வயசிலேயே கடி வாங்கிப் பழகிவிடுகிறது.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், நம் கொட்டகையிலும் இதைப் பார்க்கலாம். ஒரே கொட்டகை, ஒரே ஈ, ஒரே கொசு. நாட்டு மாடு சும்மா நிற்கும், ஜெர்சிக் கலப்பு மாடு துடித்துப்போகும். நாட்டு மாட்டுக்குத் தோலைச் சிலிர்த்து ஈயை உதறுகிற சாமர்த்தியமும், உண்ணியைத் தாங்குகிற சக்தியும் பரம்பரையாக இருக்கிறது. கலப்பின மாட்டுக்கு அது குறைவு. அதனால் "பக்கத்து வீட்டு மாடு நல்லாத்தானே இருக்கு, நம்ம மாடுதான் ராசியில்லாதது" என்று சொல்லி மாட்டைக் கைமாற்றி விடாதீர்கள். ராசி இல்லை, உடம்புவாகு. வாங்குகிறவளுக்கும் அதே கதைதான் நடக்கும்.

அங்கே வெளிநாட்டில் அரிப்புக் குதிரைக்கு உடம்பு முழுக்க மூடுகிற மாதிரி சட்டை தைத்துப் போடுகிறார்கள். சிரிக்காதீர்கள்! யோசனை நல்ல யோசனை. நாமும் பழைய நூல் சேலையை மாட்டின் முதுகில் தளர்வாகப் போட்டு, கழுத்திலும் வயிற்றிலும் முடிந்துவிட்டால் மாலை நேரக் கடி பாதி குறையும். காஞ்சிபுரத்துக்காரர்கள் என்பதால் பட்டுச் சேலை போட வேண்டியதில்லை. வெயில் நேரத்தில் மட்டும் கழற்றிவிடுங்கள், வியர்த்து அரிப்பு கூடிவிடும்.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம். பெரும்பாலோர் மருந்திலிருந்து ஆரம்பிக்கிறோம். மாட்டின் மேல் எதையாவது அடிக்கிறோம். கடிக்கிற பூச்சி பிறப்பது மாட்டின் மேல் அல்ல, நம் எருமேட்டில். வேலையை அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஈயின் கணக்கு இப்படி: சாணத்தில் இட்ட முட்டை புழுவாகி, கூடாகி, ஈயாகப் பறக்க நம் ஊர் வெயிலில் ஏறக்குறைய பத்து நாள். கடிக்கிற ஈக்கு இன்னும் சில நாள் கூடும். ஆகவே வாரம் ஒருமுறை கொட்டகை ஓரத்தில் தேங்கிய சாணம், சிந்திய வைக்கோல், தொட்டியடிச் சகதி எல்லாவற்றையும் மூலை முடுக்கு விடாமல் வழித்து எடுத்துவிட்டால், புழு ஈயாவதற்கு முன்னாலேயே கதை முடிந்துவிடும். தினமும் நடுவில் மட்டும் பெருக்கிவிட்டு மூலையை விட்டுவிட்டால் பிரயோசனம் இல்லை. மூலையில்தான் ஈரம் இருக்கும், ஈரத்தில்தான் புழு இருக்கும்.

வழித்ததை என்ன செய்வது? இரண்டு வழி இருக்கிறது. ஒன்று காயவைப்பது. வறட்டி தட்டுகிறவர்கள் வீட்டில் ஈ குறைவாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மெல்லிசாகத் தட்டிய சாணம் சீக்கிரம் காய்ந்துவிடும், புழு பிழைக்காது. இரண்டாவது, எருக்குழியில் நெருக்கமாகக் குவித்து மேலே பிளாஸ்டிக் தாளோ, உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்ததோ போட்டு மூடி, ஓரத்தில் கல் வைப்பது. உள்ளே சூடு ஏறி முட்டையும் புழுவும் வெந்துபோகும். எருவும் சீக்கிரம் மக்கும், மழையில் சத்து கரைந்தும் போகாது. குழி கொட்டகைக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மாடு கட்டிய இடத்துக்குப் பின்னாலேயே எருமேட்டை வைத்துக்கொண்டு ஈயைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

மூத்திரம் தேங்காமல் ஓட ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, அதைக் கொட்டகை ஓரத்திலேயே விடாமல் வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிடுங்கள். கழுநீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் காயவிடுங்கள், கொசுப் புழு போகும். சுவர் வெடிப்பை மண்ணோ சிமெண்டோ வைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு அடியுங்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு அடிக்கிற சுண்ணாம்பில் ஒரு வாளி கொட்டகைக்கும். இரண்டு கோழியைக் கொட்டகையில் மேயவிட்டால் கீழே விழுகிற உண்ணியைத் தேடித் தேடிப் பொறுக்கித் தின்னும். இதற்குக் காசு கிடையாது, முட்டை வேறு லாபம்.

மாலையில் மூட்டம் போடுவது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். காய்ந்த வேப்பிலை, நொச்சி இலை போட்டால் கொசுவும் பொடிப் பூச்சியும் விலகும். காற்று வருகிற பக்கத்தில், வைக்கோல் போருக்குத் தூரமாகப் போடுங்கள். அடைத்த கொட்டகையில் போட்டால் மாட்டுக்கு மூச்சு முட்டும், கன்றுக்கு இருமல் வரும். பிள்ளையார்பாளையம், அய்யம்பேட்டை பக்கம் தறி வைத்திருக்கிற அக்காமார் எங்களிடம் ஒன்று சொன்னார்கள்: "தறி முன்னால, மாடு பின்னால. மூட்டம் போட்டா பட்டுல புகை வாசனை ஏறிடும், சேலையை முதலாளி தள்ளிடுவார்." நியாயம்தான். அவர்கள் வீட்டில் ஒரு பழைய டேபிள் ஃபேனை மாட்டின் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னோம். பொடிப் பூச்சிக்குப் பறக்கிற பலம் ரொம்பக் குறைவு, காற்று அடித்தால் மாட்டின் மேல் இறங்கவே முடியாது. பொழுது சாய்வதற்கு அரைமணி முன்னால் போட்டு ராத்திரி எட்டு, ஒன்பது வரைக்கும் ஓடவிட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். வயரை மாடு எட்டிக் கடிக்காதபடி உயரத்தில் கட்டுங்கள்.

மேய்ச்சலுக்கு விடுகிறவர்கள் மழைக்காலத்தில் பொழுது சாய்வதற்கு முன்பே ஏரிக்கரையை விட்டு ஓட்டி வந்துவிடுங்கள்.

மூலிகைத் தெளிப்பு ஒன்று சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டாக்டர் புண்ணியமூர்த்தி அவர்கள் இந்த மரபு மருத்துவ முறைகளைத் தொகுத்து, அளவு வைத்துப் பரப்பினார். தேசிய பால்வள வாரியமும் பல மாநிலங்களில் இதைச் சொல்லிக்கொடுக்கிறது. பூண்டு பத்துப் பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் கிடைக்கிற காலமானால் ஒரு கைப்பிடி, வசம்பு பத்துக் கிராம், மஞ்சள்தூள் இருபது கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் நன்றாக அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளிப்பானில் ஊற்றி உடம்பு முழுக்கத் தெளிக்கலாம். தெளிப்பான் இல்லையென்றால் துணியை முக்கித் துடைக்கலாம். வெயில் நேரத்தில் செய்யுங்கள். வாரம் ஒருமுறை, உண்ணி போகும் வரைக்கும். கொட்டகைச் சுவர் வெடிப்பிலும் தெளியுங்கள். கறப்பதற்கு முன்னால் மடியைக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் பாலில் வாசனை ஏறி சொசைட்டியில் திருப்பி அனுப்புவார்கள். வசம்பைக் கடையில் பேர் சொல்லிக் கேட்கக் கூடாது என்று சிலர் "பிள்ளை வளர்ப்பான்" என்பார்கள். நம் விஷயத்தில் கன்றுக்குட்டி வளர்ப்பான்.

உண்ணிச்செடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மேலே தெளிக்கத்தான் அது மருந்து, உள்ளே போனால் விஷம். வேலியோரத்தில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கிறதே, அதுதான். கோடையில் பச்சை கிடைக்காதபோது மாடு அதைத் தின்றால் ஈரல் கெடும். ஈரல் கெட்டால் வெயில் பட்ட தோல் வெந்துபோன மாதிரி சிவந்து, அரித்து, உரிந்து வரும். இதைப் பூச்சிக்கடி என்று நினைத்து மருந்து அடிக்கிறவர்கள் உண்டு. ஒரு அடையாளம் சொல்கிறோம்: கறுப்பு வெள்ளை மாட்டில் வெள்ளைத் தோல் இருக்கிற இடம் மட்டும் வெந்திருந்தால், அது ஈ கடித்தது இல்லை. ஈ வெள்ளைத் தோலை மட்டும் தேடிக் கடிக்காது. மாட்டை உடனே நிழலில் கட்டி, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அரிப்பு மட்டும் இருக்கிறது, புண் இல்லை என்றால் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டி, சோற்றுக் கற்றாழைச் சோற்றைத் தடவலாம். தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து பூசினால் பூச்சி உட்காராது. வேப்பெண்ணெயை அப்படியே பூசக் கூடாது, சில மாட்டுக்கு எரிச்சல் எடுக்கும். முதலில் ஓர் இடத்தில் தடவி மறுநாள் பார்த்துவிட்டுப் பூசுங்கள். மண்ணெண்ணெய், லாரியில் வடித்த கறுப்பு ஆயில் இவற்றை ஒருபோதும் பூசாதீர்கள். தோல் வெந்துவிடும், மாடு நக்கினால் குடலும் கெடும்.

இப்போது சொல்லப்போவது வருத்தமான விஷயம். பெயரும் ஊரும் சொல்ல மாட்டோம். நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில், உண்ணி தாங்காமல், நெல்லுக்கு வாங்கி மிச்சமிருந்த பூச்சி மருந்தைத் தண்ணீரில் கலந்து மாட்டின் மேல் அடித்துவிட்டார்கள். அரைமணி நேரத்தில் மாட்டின் வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர், உடம்பெல்லாம் நடுக்கம், கழிச்சல். பக்கத்து வீட்டுப் பெண் சமயத்தில் 1962-க்குப் போன் செய்ததால் டாக்டர் வந்து ஊசி போட்டு மாட்டைக் காப்பாற்றினார். கன்றைக் காப்பாற்ற முடியவில்லை. அவிழ்த்துவிட்டிருந்த கன்று தாயின் உடம்பை நக்கியிருக்கிறது. அந்த அக்கா இன்றைக்கும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். இதைச் சொல்லச் சொன்னதே அவர்தான். "இன்னொரு வீட்ல நடக்கக் கூடாது, சொல்லுங்க" என்றார்.

பயிருக்கு அடிக்கிற மருந்தை மாட்டுக்கு அடிக்கவே கூடாது. குறைத்துக் கலந்தாலும் கூடாது. அந்தத் தெளிப்பானில் வெறும் மூலிகையை ஊற்றி அடித்தாலும் கூடாது, உள்ளே மருந்து ஒட்டியிருக்கும். யாராவது தெரியாமல் அடித்துவிட்டால், கன்றைத் தூரக் கட்டி, கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். எந்த மருந்து என்று டப்பாவைக் காட்டுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் சரியான ஊசி போட முடியாது.

மூலிகை போதாத கட்டம் உண்டு. உண்ணி அள்ளிக் கொட்டுகிற அளவுக்கு இருந்தால் மாட்டுக்கென்றே இருக்கிற மருந்தை டாக்டர் எழுதிக் கொடுப்பார். அவர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். இரண்டு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: சினை மாட்டுக்கு ஆகுமா? எத்தனை நாள் பாலை எடுக்கக் கூடாது? உண்ணிக்கும் சொறிக்கும் போடுகிற சில ஊசிகள் பாலில் பல நாள் வரும். அந்தப் பாலைக் குடிப்பது யாரோ இல்லை, நம் பேரப்பிள்ளைகள்.

உண்ணியைக் கையால் நசுக்காதீர்கள். 2011-ல் குஜராத்தில் உண்ணி மூலம் மனிதருக்கு வருகிற காங்கோ காய்ச்சல் வந்து உயிர்கள் போயின. நம் ஊரில் பயப்பட வேண்டியதில்லை என்றாலும் வழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

எப்போது நாமே பார்த்துக்கொள்ளக் கூடாது? அரிப்போடு காய்ச்சல் இருந்தால். மூத்திரம் காபி நிறத்தில் போனால், அது உண்ணியால் வருகிற ரத்த நோய், ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. திடீரென்று கண்ணும் மூக்கும் வீங்கி உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறினால். முடி கொட்டித் தோல் தடித்துச் செதில் செதிலாகி, கறக்கிற நமக்கும் கையில் அரிக்க ஆரம்பித்தால், அது சொறி. கன்றின் முகத்தில் காசு காசாக வட்டமாகச் சாம்பல் பொருக்கு இருந்தால் படை. இந்த இரண்டும் நம்மையும் ஒட்டும்.

உடம்பெல்லாம் உருண்டை உருண்டையாகக் கட்டி, காய்ச்சல், கால் வீக்கம் என்றால் அம்மை போன்ற தோல் கழலை நோயாக இருக்கலாம். இந்த நோய் 2019-ல் ஒடிசா வழியாக இந்தியாவுக்கு வந்தது. 2022-ல் ராஜஸ்தான், குஜராத்தில் சாலையோரமெல்லாம் மாடுகள் செத்துக் கிடந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு வருஷத்தில் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் போயின. நம் தமிழ்நாட்டு மாடுகளையும் அது விடவில்லை. இதைப் பரப்புவது யார் தெரியுமா? இவ்வளவு நேரம் பேசினோமே, அதே கடிக்கிற ஈ, கொசு, உண்ணி. மனிதருக்கு இது வராது, பயம் வேண்டாம். பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம். இதற்காக நம் நாட்டிலேயே ஒரு தடுப்பூசி கண்டுபிடித்து 2022 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். கண்டுபிடித்தது ஹிசாரில் உள்ள தேசியக் குதிரைகள் ஆராய்ச்சி மையம், இஸத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து. மாட்டு நோய்க்குக் குதிரை ஆஸ்பத்திரி மருந்து கண்டுபிடித்த கதை! அதற்கு முன்பிருந்தே ஆட்டு அம்மைத் தடுப்பூசியை மாட்டுக்குப் போட்டு வந்தார்கள். நம் ஊரில் முகாம் போட்டால் மாட்டை ஒளித்து வைக்காதீர்கள். ஊசி போட்டால் இரண்டு நாள் பால் குறையும் என்று ஒளிக்கிறவர்கள் உண்டு. இரண்டு நாள் பாலா, மாடா என்று கணக்குப் போடுங்கள்.

அந்தக் கட்டி உடைந்து புண்ணானால் மேலே பூச ஒரு எண்ணெய் உண்டு. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மஞ்சள் இருபது கிராம் அரைத்து, அரை லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சி ஆறவைத்துப் பூசலாம். உரசி உரசிப் புண்ணான இடத்துக்கும் இது ஆகும். புண்ணில் புழு வைத்துவிட்டால் முதல் நாள் தேங்காய் எண்ணெயில் சூடம் குழைத்துப் போடுங்கள், புழு வெளியே வரும். சீத்தா இலையை அரைத்துப் போட்டாலும் சரி.

கடைசியாக, இதைத் தனி வீடாகச் செய்தால் பாதிப் பலன்தான். என் எருமேட்டில் பிறந்த ஈ உன் மாட்டைக் கடிக்கும், உன் குழியில் பிறந்தது என் மாட்டுக்கு வரும். ஈக்கு ஒரு தெரு, இரண்டு தெரு ஒரு தூரமே இல்லை. ஒரு தெருவில் பத்து வீடு சுத்தம் செய்து இரண்டு வீடு விட்டால், அந்த இரண்டு வீடு பத்து வீட்டுக்கும் பூச்சி சப்ளை செய்யும். இது குழுவாகச் செய்கிற வேலை. நாம் சேமிப்பைச் சேர்ந்து செய்யவில்லையா? அதனால் எங்கள் கோரிக்கை: ஒவ்வொரு குழுவும் வாராந்திரக் கூட்டத்தன்று காலையில் எருக்குழி நாள் வைக்க வேண்டும். மாடு இல்லாத உறுப்பினரும் வர வேண்டும், கொசு அவர்களையும்தானே கடிக்கிறது. தீர்மான நோட்டில் எழுதுங்கள். மாட்டுக் கடன் கொடுக்கும்போதே கொட்டகை எங்கே, எருக்குழி எங்கே என்று இரண்டு பேர் நேரில் போய்ப் பார்க்கலாம் என்றும் நாங்கள் நினைக்கிறோம். இதில் சிலருக்கு மாற்றுக் கருத்து உண்டு, "கடன் கேட்கிறவ வீட்டு மாட்டுக் கொட்டகையைப் போய் எட்டிப் பார்க்கறதா" என்று. அதைக் கூட்டமைப்பு பேசி முடிவு செய்யட்டும்.

மேற்கொண்டு பயிற்சி வேண்டுமென்றால் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மாவட்டம் பிரிந்த பிறகு, 2019-லிருந்து அது செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டது, ஆனால் நமக்குத் தூரம் இல்லை. குழுவாகக் கேட்டால் நல்லது. அவசரத்துக்கு 1962. போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பின்பக்கத் திண்ணையில் மூலிகைத் தெளிப்பு அரைத்துக் காட்டுகிறோம். வசம்பும் மஞ்சளும் நாங்கள் கொண்டு வந்திருக்கிறோம். வேலியோரத்தில் உண்ணிச்செடி பறிக்கப் போகிறவர்கள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு போங்கள், தண்டில் முள் இருக்கும். பறித்ததை ஆடு எட்டாத இடத்தில் வையுங்கள்.